விருந்தாளியிலிருந்து வாடிக்கையாளர் வரை: அடிநிலைத் தொழில்முறை டென்னிஸின் வெளிநாட்டுச் சுற்று, 1968–2024

துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷரம் அல் ஷேக், துருக்கியின் அந்தால்யா: மூன்றும் கடற்கரைச் சுற்றுலாவை நம்பி வாழும் ஊர்கள். தொலைக்காட்சியில் டென்னிஸ் பார்ப்பவருக்கு இந்தப் பெயர்களைக் கேட்டால் எந்த ஆட்டமும் நினைவுக்கு வராது. உலகத் தரவரிசையில் ஐந்நூறு, எழுநூறு என்று இருப்பவர்களுக்கோ இவை வாரக்கணக்கில் குடியிருந்த ஊர்கள். விடுதி வளாகத்துக்குள்ளேயே ஆடுகளங்கள் இருக்கும். ஒரு வாரத்துப் போட்டி முடிந்ததும் அடுத்த வாரத்துப் போட்டி அங்கேயே தொடங்கும். பார்வையாளர் என்று பார்த்தால், தன் முறைக்குக் காத்திருக்கும் ஆட்டக்காரர்களும் சில பயிற்சியாளர்களும்தான்.

நுழைவுச்சீட்டு விற்காத, விளம்பரதாரர் அதிகம் எட்டிப்பார்க்காத ஒரு போட்டி எப்படித் தொடர்ந்து நடக்கிறது? விடுதியின் அறைகளை நிரப்புகிறவர்கள் ஆட்டக்காரர்களே என்பது விடையின் ஒரு பாதி. மறுபாதி சூதாட்டச் சந்தையில் இருக்கிறது. இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. ஒரு காலத்தில் போட்டி நடத்துபவரின் விருந்தாளியாக இருந்த ஆட்டக்காரர், அரை நூற்றாண்டில் அவருடைய வாடிக்கையாளராக ஆனார். இடையில் வந்த ஒவ்வொரு சீர்திருத்தமும் வாய்ப்பைப் பரவலாக்குவதாகச் சொல்லியே வந்தது, பரவலாக்கவும் செய்தது. செலவை யார் தலையில் கட்டியது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

அழைப்பின் காலம்

1968க்கு முன் விம்பிள்டன் உள்ளிட்ட பெரும்போட்டிகள் தொழில்முறை அல்லாதவர்களுக்கு மட்டுமே உரியவை. பரிசுப்பணம் கிடையாது. அதற்காக ஆட்டக்காரர்கள் கைக்காசு போட்டு உலகம் சுற்றினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. போட்டி நடத்தும் சங்கம் பயணச்செலவைக் கொடுக்கும். உள்ளூர்க் குடும்பம் ஒன்று வீட்டில் தங்கவைக்கும். புகழுள்ளவருக்கு ‘செலவு’ என்ற பெயரில் உறை ஒன்றும் கைமாறும். சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது இந்த ஏற்பாட்டுக்குள்தான். ஜாக் கிராமரின் தொழில்முறைக் குழுவில் சேர அழைப்பு வந்தபோதும் அவர் போகவில்லை.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது தவறு. அழைப்பு வந்தால்தான் ஆட்டம். அழைப்பை முடிவுசெய்தவர்கள் தேசியச் சங்கங்களும் போட்டி நடத்துநர்களும். அவர்கள் கண்ணில் படாத இளைஞனுக்கு வாசல் இல்லை.

1968 ஏப்ரலில் போர்ன்மவுத்தில் நடந்த போட்டியோடு எல்லோருக்கும் பொதுவான காலம் பிறந்தது. ஆனால் அடிநிலையைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய திருப்பம் 1973 ஆகஸ்ட் 23. அன்றுதான் ஆண்கள் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் தன் கணினித் தரவரிசையை முதன்முறை வெளியிட்டது. முதலிடம் ருமேனியாவின் இலியே நஸ்தாசேவுக்கு. பெண்களுக்கு 1975 நவம்பரில் அது வந்தது. இனி போட்டிக்குள் நுழைய யாருடைய தயவும் வேண்டாம், எண் போதும். நியாயமான ஏற்பாடுதான். அதோடு இன்னொன்றும் நடந்தது: பணமே இல்லாத ஊருக்கும் போக ஒரு காரணம் கிடைத்தது. புள்ளி அங்கே இருந்தது.

நான்கு வாரமும் ஒரு வாரமும்

எழுபதுகளில் உருவான சாட்டிலைட் சுற்றுகள் அந்தப் புள்ளிக்கான முதல் கடைவாசல். ஒரே நாட்டுக்குள் அடுத்தடுத்து மூன்று வாரம் மூன்று போட்டிகள். நான்காம் வாரம் தேறியவர்களுக்கான இறுதிப் போட்டி. முழுச் சுற்றும் முடிந்தபின் மொத்தக் கணக்கில்தான் தரவரிசைப் புள்ளி. இரண்டாம் வாரம் கணுக்கால் பிசகினால் முதல் வார வெற்றியும் வீண். கடுமையான முறை என்று ஆட்டக்காரர்கள் அதை வெறுத்தார்கள். என்றாலும் அதில் ஒரு சிக்கனம் இருந்ததைப் பின்னாளில் எழுதியவர்கள் அதிகம் கவனிக்கவில்லை. விமானச் சீட்டு ஒன்று. அதன்பின் ஊருக்கு ஊர் ரயிலோ பேருந்தோ. 1978இல் இதற்கு மேல்படியாகச் சேலஞ்சர் போட்டிகள் வந்தன. அந்த ஆண்டு மொத்தம் 18. முதல் வாரத்தில் ஆக்லாந்திலும் ஹோபார்ட்டிலும்.

கணக்கு முறையில் நேர்ந்த ஒரு மாற்றம் இங்கே முக்கியம். 1989 வரை தரவரிசை என்பது சராசரி: பெற்ற புள்ளிகளை ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். சும்மா போய்த் தோற்றால் சராசரி சரியும். ஆகவே வீட்டில் இருப்பதற்கும் ஒரு மதிப்பு இருந்தது. 1990இல் தொழில்முறைச் சுற்று மறுசீரமைக்கப்பட்டபோது சிறந்த 14 முடிவுகளை மட்டும் கூட்டும் முறை வந்தது; 2000இல் அது 18 ஆனது. இப்போது தோல்விக்குத் தண்டனை இல்லை. ஆடாமல் இருப்பதுதான் தண்டனை. 1998இல் சாட்டிலைட்டுக்குப் போட்டியாக ஒரு வார ஃபியூச்சர்ஸ் போட்டிகள் தொடங்கின. 2006க்குப் பிறகு சாட்டிலைட் மறைந்தது. இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்ததன் விளைவை யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை: ஆண்டின் ஐம்பது வாரமும் எங்கோ ஒரு நாட்டில் புள்ளி கிடைக்கும், எல்லா வாரமும் போனால் இழப்பு பயணச்செலவு மட்டுமே. அந்தச் செலவோ ஆட்டக்காரருடையது.

1998இல் 10,000 டாலராக நின்ற அடிமட்டப் பரிசுத்தொகை 2016 வரை அதே 10,000 டாலர். இதே காலத்தில் அமெரிக்க விலைவாசி ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. பிறகு 15,000 ஆக்கப்பட்டது. அதில் ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு 2,160 டாலர். 32 பேர் கொண்ட பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்கும் 16 பேருக்குத் தலா 156 டாலர். தகுதிச்சுற்றோடு நின்றவருக்கு ஒன்றுமில்லை. பல நாடுகளில் இதிலும் வரி பிடிப்பார்கள். மட்டைக்கு நரம்பு கட்டவும் அறை வாடகைக்கும் 156 டாலர் எத்தனை நாள் வரும்?

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே நடத்திய மறுஆய்வில் 2013ஆம் ஆண்டுக் கணக்கு வெளிவந்தது. அந்த ஆண்டு தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர்கள் சுமார் 14,000 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரு டாலர் கூடச் சம்பாதிக்கவில்லை. பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலே ஆண்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 38,800 டாலரும் பெண்களுக்கு 40,180 டாலரும் ஆனது. வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் 336, பெண்களில் 253.

‘வெளிநாடு’ யாருக்கு?

இந்தச் சராசரிக்குள் ஒரு பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் பெர்காமோ சேலஞ்சரை 17 வயது யானிக் சின்னர் வென்றார். அப்போது அவர் தரவரிசை 546. உள்ளே வந்தது நடத்துநர்களின் சிறப்பு அனுமதியில். அடுத்த வெற்றிகளும் பெரும்பாலும் இத்தாலிய மண்ணிலேயே. ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட சேலஞ்சர்களை நடத்தும் நாட்டில் பிறந்தவருக்கு ஏணியின் கீழ்ப்படிகள் ரயில் பயணத் தூரத்தில் கிடக்கின்றன. சென்னையில் பிறந்தவருக்கு அதே படிகள் பெரும்பாலும் விசாவுக்கு அப்பால். 15,000 டாலர் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கெடு சுமார் இரண்டரை வாரம் முன்பு முடிகிறது; ஷெங்கன் விசாவுக்கு வழக்கமான பரிசீலனைக் காலமே 15 நாள். வாரந்தோறும் நாடு மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் ஐரோப்பியக் கடவுச்சீட்டோடு வருவது.

உள்ளூரில் படிகள் குறைவு என்பதைச் சென்னை முன்பே உணர்ந்திருந்தது. 1985இல் அமிர்தராஜ் குடும்பம் பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவில் தொடங்கிய பயிற்சித் திட்டம் அதற்கு ஒரு விடை. லியாண்டர் பயஸ் அதில் வளர்ந்தவர். பின்வந்த தலைமுறை பயிற்சிக்கே வெளிநாடு போனது. ராம்குமார் ராமநாதன் பார்சிலோனாவின் சான்செஸ்-காசல் அகாடமியில் பயின்றார். ஆறு சேலஞ்சர் இறுதிகளில் தோற்றபின், 2021 நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில் முதல் பட்டம் அவருக்குக் கிடைத்தது. அந்த ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் எத்தனை விமான நிலையங்கள் என்று யாரும் எண்ணுவதில்லை.

இந்த வாழ்க்கையின் கணக்கு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு 2018 மே மாதப் பாரிஸ் நிகழ்ச்சியைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. சென்னையின் இடக்கை ஆட்டக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் பிரெஞ்சு ஓபன் தகுதிச்சுற்றில் தோற்றிருந்தார். யாராவது விலகினால் தோற்றவர்களில் சிலருக்கு இடம் கிடைக்கும். பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. ஆனால் காத்திருப்பதற்கும் செலவு உண்டு, நிச்சயமும் இல்லை. அவர் இத்தாலியின் விசென்சா சேலஞ்சருக்குப் பெயர் கொடுத்துக் கிளம்பிவிட்டார். அடுத்து நிக் கிர்கியோஸ் விலகினார். வேறு போட்டியில் பதிந்துவிட்டதால் பிரஜ்னேஷுக்கு அந்த இடம் இல்லை. அவருக்கு அடுத்திருந்த அர்ஜென்டினாவின் மார்கோ ட்ருங்கெலிட்டி ஏற்கெனவே பார்சிலோனா வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அவர் தாயையும் பாட்டியையும் தம்பியையும் காரில் ஏற்றிக்கொண்டு சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவந்து, மறுநாள் பெர்னார்ட் டாமிக்கை வென்றார். இரண்டாம் சுற்றுக்கான தொகை 79,000 யூரோ. உலகப் பத்திரிகைகள் பாட்டியைப் பற்றி எழுதின. பிரஜ்னேஷின் முடிவு தவறான முடிவல்ல. கையிலிருக்கும் வாரத்தை விடாதே என்று அந்தச் சுற்று கற்றுக்கொடுத்ததையே அவர் செய்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் 75ஆம் இடத்துக்கு உயர்ந்தார்; அந்த ஆண்டின் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் பிரதான சுற்றில் ஆடினார்.

பார்வையாளர் இல்லாத ஆட்டத்தின் விலை

ட்ருங்கெலிட்டியின் பெயர் வேறொரு கோப்பிலும் இருக்கிறது. முடிவை முன்கூட்டியே பேசி ஆடும்படி அணுகியவர்களைப் பற்றி டென்னிஸ் நேர்மைப் பிரிவிடம் அவர் தகவல் கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக அவர் நாட்டவர் சிலர் தண்டிக்கப்பட்டனர். காட்டிக்கொடுத்தவர் என்ற ஏச்சு அவருக்கு மிஞ்சியது.

சூதாட்டம் இந்த இடத்துக்கு எப்படி வந்தது? நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கருவியில் பதியும் ஒவ்வொரு புள்ளியும் நேரடித் தரவாக விற்பனைக்கு வந்ததால். 2012 முதல் சர்வதேசக் கூட்டமைப்பு இந்தத் தரவை ஸ்போர்ட்ராடார் நிறுவனத்துக்கு விற்றது; 2017 முதல் ஐந்தாண்டுக்கான ஒப்பந்தத்தின் மதிப்பு 7 கோடி டாலர். அடிநிலைப் போட்டிகளை நடத்த அந்தப் பணம் உதவியது என்பது கூட்டமைப்பின் வாதம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் 156 டாலருக்கு ஆடுபவரின் ஒரு செட்டின் மீது அதைப்போல் பல மடங்கு பந்தயம் கட்டப்படும்போது என்ன ஆகும் என்பதைக் கணிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆடம் லூயிஸ் தலைமையிலான சுயேச்சை ஆய்வுக்குழு 2018 டிசம்பரில் இறுதி அறிக்கை தந்தது. கருத்துக் கேட்கப்பட்ட 3,200க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களில் 14.5 விழுக்காட்டினர் முறைகேட்டை நேரடியாக அறிந்ததாகக் கூறினர். 15,000 டாலர் போட்டிகளின் தரவு விற்பனையை நிறுத்தக் குழு பரிந்துரைத்தது.

அதற்கடுத்த மாதமே கூட்டமைப்பு தன் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழில்முறை என்ற பெயரை ஆண்களில் 750, பெண்களில் 750 பேருக்குச் சுருக்குவது நோக்கம். 15,000 டாலர் போட்டிகளிலிருந்து உலகத் தரவரிசைப் புள்ளி நீக்கப்பட்டுத் தனிப் புள்ளி தரப்பட்டது. தகுதிச்சுற்று 24 பேராகக் குறுகியது. நோய் சரியாகவே கண்டறியப்பட்டது. மருந்துதான் விசித்திரம்: வருமானம் இல்லாதவர்களுக்கு வருமானம் தருவதற்குப் பதில், அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. எதிர்ப்பு கிளம்பியது, ஆட்டக்காரர்கள் மனுக்களில் கையெழுத்திட்டார்கள், ஆகஸ்டிலேயே புள்ளிகள் திரும்ப வந்தன. புள்ளிதான் இந்தச் சுற்றின் உண்மையான நாணயம் என்பதை இதைவிட நன்றாக யாரும் நிரூபித்திருக்க முடியாது. அதை நீக்கியவுடன் பயணத்துக்கே பொருள் இல்லாமல் போனது.

2023 செப்டம்பரில் அப்போது இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரரான சுமித் நாகல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருப்பதாகச் சொன்னார். ஆண்டுச் செலவு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். அவர் அப்போது முதல் இருநூறுக்குள் இருந்தவர். பயிற்சியாளரைக் கணக்கில் சேர்த்தால் 336 என்ற கோடு எவ்வளவு மேலே நகர்கிறது என்பதை அது காட்டுகிறது. நான்கு மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபனில் அலெக்சாண்டர் பூப்லிக்கை வென்று 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் பெற்றார். பிப்ரவரியில் சென்னை சேலஞ்சரை வென்று முதல் நூறுக்குள் நுழைந்தார். உள்ளூரில் ஒரு போட்டி இருப்பதன் பயன் இது.

2024இல் ஆண்கள் சங்கம் குறைந்தபட்ச வருமான உறுதித் திட்டம் ஒன்றைச் செயல்படுத்தியது: முதல் 100 இடங்களுக்கு 3 லட்சம் டாலர், 175 வரை ஒன்றரை லட்சம், 250 வரை 75,000. நூற்றைம்பதாம் இடத்தில் காலம் தள்ளுபவருக்கு அது பெரிய ஆறுதல். 251ஆம் இடத்திலிருந்து விமானச் சீட்டும் அறை வாடகையும் முன்போலவே ஆட்டக்காரரின் கணக்கில்தான்.