இகரத்துக்கு இரண்டு இருக்கைகள்

திஸ்கி எழுத்துக் குறியீட்டின் 1.7ஆம் பதிப்புப் பட்டியலைப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். 'இ' என்ற எழுத்துக்கு மட்டும் இரண்டு இடங்கள்: 173, 254. இடமே போதாத பட்டியலில் ஏன் இந்தத் தாராளம்?

இடப் பஞ்சம் தமிழுக்குப் புதுசில்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த தரங்கம்பாடியில், சீகன்பால்குவுக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. ரொம்பப் பெரிசு. காகிதமோ அருமை. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அடித்துக் கட்டுப்படியாகுமா? உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புத்தகம் வந்தது. அச்சடித்துப் பார்த்த பிறகுதான் எழுத்தின் அளவு முடிவானது.

1990களில் அதே சிக்கல் மின்னஞ்சலுக்கு வந்தது. கும்பகோணத்துப் பையன் சிங்கப்பூரிலிருந்து தமிழில் எழுதினால், அதே எழுத்துரு இந்தப் பக்கமும் இருக்கணும். இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல்தான். அதனால் பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி ஒப்பேற்றினார்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு குறியீடு வேண்டுமென்று, மலேசியாவில் 'முரசு அஞ்சல்' செய்த முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் 'மயிலை' எழுத்துரு செய்த கு. கல்யாணசுந்தரம் முதலானோர் 1997 வாக்கில் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்தார்கள். ஆங்கிலத்தையும் அதே மடலில் எழுத வசதியாக, 256 இடங்களில் முதல் 128ஐ அதற்கே விட்டார்கள். மிச்சத்தில் 247 தமிழெழுத்தும் எப்படி அடங்கும்? கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனி உறுப்பாக்கினார்கள். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு.

இப்படி அடுக்கியதில் 'இ' 173இல் உட்கார்ந்தது. அந்த எண்ணோ ஐரோப்பியக் குறியீட்டில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டுக்கு உரியது. வரி உடைந்தால் மட்டும் தலைகாட்டும். மற்ற நேரம் மறைந்திருக்கும். அப்படி மறைக்கிற மென்பொருளில் நம் 'இ'யும் சேர்ந்து மறையும். 'இன்று' வெறும் 'ன்று' ஆகிவிடும். இது காகிதத்தில் பட்டியல் போடும்போது தெரிகிற கோளாறா? மடல் போய், யாராவது திறந்து படித்தால்தான் தெரியும். அதற்கு மருந்துதான் 254இல் இன்னொரு 'இ'. பழைய மடல்களில் ஏற்கெனவே 173 இருந்ததால் அதையும் அழிக்க முடியாது.

யூனிகோடு பரவியதும் திஸ்கி ஒதுங்கிவிட்டது. ஆனால் அக்காலத்து மடல்கள் பல வீடுகளில் பழைய வட்டுகளில் கிடக்கின்றன. அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் எழுதியவை. உங்ககிட்ட இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்க. மாற்றி, முதலில் 'இ'யைத் தேடிப் பாருங்க. இரண்டு இருக்கையையும் அறியாத மாற்றி என்றால், ஊருக்கு 'வரேன்' என்றது தப்பிக்கும். 'இப்ப வர வழி இல்லை' என்றதில் 'இ' இரண்டும் போயிருக்கும்.