எருமைப்பாலும் குழந்தையின் வயிறும்

மைசூரில் குடியேறிய நம்மவருள் அரண்மனையைக் காணாதார் இலர். ஆயினும், இளவரசிக்கென எழுந்த செலுவாம்பா மாளிகையின் பிற்காலக் கதையை அறிந்தவர் சிலரே. 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அம்மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப் பெற்றது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராய் விளங்கியவர்.

அந்நிலையம் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று நம் வீட்டுத் தொட்டிலைப் பற்றியது. தாய்ப்பால் கிட்டாத சிசுவுக்கு எதனைப் புகட்டுவது? வெளிநாட்டிலிருந்து வந்த பால்மாவு விலை மிக்கது. நம் நாட்டில் மிகுதியாய்க் கிடைத்ததோ எருமைப்பால். அதனைப் பருகிய சிசுவுக்கு வயிறு உப்பும், வாந்தி எடுக்கும், சீரணமாகாத திரைகள் மலத்தோடு கழியும்.

காரணம் பாலின் இயல்பிலேயே உள்ளது. நூறு பங்கு தாய்ப்பாலில் புரதம் ஏறத்தாழ 1 பங்கு. எருமைப்பாலில் 4 பங்கு. கொழுப்பு முன்னதில் சுமார் 4, பின்னதில் சுமார் 7. எருமைப்பாலில் மிகுந்துள்ள கேசீன் என்னும் புரதம் இரைப்பையின் அமிலம் பட்டதும் இறுகித் திரள்கிறது. தாய்ப்பாலோ மெல்லிய திரையாகிறது. நீர் கலந்தால் தீராதோ எனின், ஊட்டம் குன்றும். அந்நீர் அசுத்தமாயின் பேதியும் உடன் வரும்.

எருமைப்பாலிலிருந்து சிசு உணவு செய்ய இயலாது என்றாரும் அந்நாளில் உண்டு. மைசூர் விஞ்ஞானிகள் 1950-களில் அதன் கொழுப்பைக் குறைத்து, திரையின் இறுக்கத்தைத் தளர்த்தி, வைட்டமின்களைச் சேர்த்துத் தூளாக்கினர். குஜராத்தின் ஆனந்த் நகரப் பால் கூட்டுறவினர் அம்முறையைக் கைக்கொண்டு, 'அமுல்' என்னும் பெயரால் நாடெங்கும் பரப்பினர்.

எனினும், புட்டிப்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது இன்றைய மருத்துவத்தின் துணிபு. சிசு உணவு விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததும் அதனாலேயே.

மொழி புதிதான ஊரில் மருத்துவர்முன் நிற்கும் நம் தாய்மார் மூன்று விடைகளைக் கைவசம் வைத்திருப்பது நலம்: எந்தப் பால்? எத்தனை பங்கு நீர்? நீர் காய்ச்சியதா? வயிற்றைத் தொட்டுப் பார்க்குமுன் அறிய வேண்டியவை இவையே. பேதியுற்ற குழந்தையின் கண்கள் குழிந்து, சிறுநீர் குறையுமாயின் கணமும் தாமதித்தல் ஆகாது. நோயை அறியும் வழி பல வேளைகளில் பாற்கிண்ணத்திலிருந்தே தொடங்குகிறது என்பதை அம்மாளிகையின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.