சிறாரின் இரத்தப் புற்றுநோயும் எலும்பு மஜ்ஜையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு



தேக்காவை ஒட்டிய புக்கிட் தீமா சாலையில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அமைந்துள்ளது. ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். அவ்வட்டாரத்தில் முன்னாளில் நிகழ்ந்த கால்நடை வணிகத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. இன்று அங்கே சிகிச்சை பெறும் சிறாருள் இரத்தப் புற்றுநோய் கண்டவர்களும் உளர். இரத்தம் தெளிந்த பின்னரும் ஈராண்டளவு மருந்து தொடர்வது ஏன்? விடை வரலாற்றில் உள்ளது.

1948இல், பாஸ்டன் சிறார் மருத்துவமனையைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தை 16 சிறாருக்குக் கொடுத்ததன் விளைவை வெளியிட்டார். பத்துப் பேரிடம் நோய் தணிந்தது. அம்மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சியை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். எனினும் அத்தணிவு நிலைக்கவில்லை. நோய் மீண்டும் தலைதூக்கியது.

அதே மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புதிய இரத்தநாளங்கள் இன்றிப் புற்றுநோய்க் கட்டி பெரிதாக வளராது என்று 1971இல் எழுதினார். கட்டி சுரக்கும் சில புரதங்களே அந்நாளங்களைக் கிளைக்கச் செய்கின்றன. அவை வளர்ச்சிக் காரணிகள் எனப்படும். இரத்தத்தில் மிதக்கும் நோயணுக்களுக்குத் தனியே நாளம் எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் 1997இல் ஃபோக்மனும் உடன் ஆய்ந்தோரும், இந்நோய் கண்ட சிறாரின் எலும்பு மஜ்ஜையில் நுண்நாளங்கள் பெருகியிருந்ததையும், அவர்தம் சிறுநீரில் அத்தகைய காரணியொன்று மிகுந்திருந்ததையும் கண்டனர். நோயின் இருப்பிடம் மஜ்ஜையே என்பது இதனால் மேலும் தெளிவாயிற்று. நாள வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் வேறு சில புற்றுநோய்களுக்குப் பயன்பட்டாலும், சிறாரின் இந்நோய்க்கு வழக்கமான சிகிச்சையாக அவை இன்னும் இடம்பெறவில்லை.

சிங்கப்பூரும் மலேசியாவும் இணைந்து நடத்திய ‘மா-ஸ்போர் 2003’ ஆய்வு, மஜ்ஜையில் எஞ்சும் நோயணுக்களை அளந்து மருந்தின் அளவைத் தீர்மானித்தது. நோய் விரைவில் அடங்கிய சிறாருக்கு மருந்தின் கடுமையைக் குறைக்கலாம் என்பதை 2012இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின.

ஆதலின் பெற்றோர்களே, பிள்ளை நலமாகத் தோன்றினாலும் மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். ஆசிரியர்களே, இது தொற்றுநோய் அன்று என்பதை வகுப்பில் எடுத்துச் சொல்லுங்கள். நெடுநாள் விடுப்பில் இருக்கும் மாணவரின் இருக்கையைக் காத்து வையுங்கள்.