விதியா, கணக்குப் பிழையா?

ஒரு கட்டடம் இடிந்து வீழ்ந்து உயிர்கள் மாண்டால், "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விட்டு அமைவது நம்மவரிடை நெடுநாள் வழக்கம். இவ்வழக்கம் எத்துணைக் கேடுடையது என்பதைச் சிங்கப்பூர்ச் சரித்திரத்தின் துயர ஏடு ஒன்று உணர்த்துகின்றது.

1986ம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ந் தேதி சனிக்கிழமை. நம்மவர் நாள்தோறும் நடமாடும் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடுமிடத்தில் லியன் யாக் கட்டடம் நின்றது. ஆறு மாடிகள், கீழே பாங்கி, மேலே நியூ வோர்ல்ட் ஓட்டல். முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சற்று முன்னர், ஒரு நிமிஷத்திற்குள் அஃது அடியோடு சரிந்து மேடாயிற்று. ஐம்பது பேர் உள்ளே சிக்கினர். அப்போது நிலத்தடி ரயில் பாதை வெட்டிக்கொண்டிருந்த அயல்நாட்டு எஞ்சினீயர்கள் ஓடி வந்து, இடிபாட்டினூடே சுரங்கம் தோண்டி உதவினர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 33 பேர் மாண்டனர்.

கட்டடம் பழையதுமன்று. 1971ல் எழுந்தது, வயது பதினைந்தே. வெடிகுண்டோ, வாயுவோ, சுரங்க வேலையோ என்று ஊரார் ஐயுற்றனர். விசாரணைக் குழு கண்ட உண்மையோ வேறு. உள்ளே நடமாடும் மனிதரின் பாரமும், வைக்கப்படும் பொருள்களின் பாரமும் கணக்கிடப்பட்டிருந்தன. கட்டடம் தன் பாரத்தையும் தானே சுமக்க வேண்டுமென்பது மட்டும் கணக்கில் சேரவில்லை! போதாக்குறைக்குப் பின்னாளிலும் புதுப் பாரங்கள் ஏற்றப்பட்டன. தூண்களில் விரிசல் முன்னரே தோன்றியிருந்தது. ஆயினும் கட்டடத்தைக் காலி செய்வாரில்லை.

இதன் பயனாக 1989ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. ஓர் எஞ்சினீயர் போட்ட கணக்கை, அவரோடு தொடர்பற்ற மற்றோர் எஞ்சினீயர் சரிபார்த்தல் வேண்டும். குடியிருப்பு மாடிக் கட்டடங்களைப் பத்தாண்டுக்கொரு முறையும், ஏனையவற்றை ஐந்தாண்டுக்கொரு முறையும் தகுதி பெற்ற எஞ்சினீயரைக் கொண்டு சொந்தக்காரர் சோதிப்பித்தல் வேண்டும்.

நாம் தோட்டத்துக் கிராணி. சம்பளப் புத்தகத்தில் ஒருவர் கூட்டிய தொகையை மற்றொருவர் ஒத்துப் பார்த்த பின்னரே காசு கைமாறும். காசுக்கு என்றோ அமைந்த இக்காவல், உயிருக்கு அமைய 33 பேர் மாள வேண்டியிருந்தது.

பிறரைக் குறை கூறி நாம் தப்பிக்கொள்வதற்கில்லை. லயத்தில் கூரை ஒழுகுகிறது, தூணைக் கறையான் அரித்துவிட்டது என்று சொல்ல வந்தவரை, "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று நாமே திருப்பி அனுப்பியதுண்டு. அவர் பேசாது சென்றார். நாமும் அதனை ஏட்டில் பதியவில்லை. அது நம் குற்றமே.

ஆதலின் தோட்டத்தாரும் நகரத்தாரும் ஒன்று செய்க. சுவரிலோ தூணிலோ விரிசல் கண்டால், வாயால் சொல்லி நின்றுவிடாமல், தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஏறிய விரிசலை விதியென்று சொல்லி மறைக்க எவராலும் இயலாது.