கர்ப்பிணித் தடுப்பூசி: ஏற்பும் தயக்கமும்

கருவுற்ற பெண்ணுக்குப் போடப்பட்டு, அவள் வழியே பிறக்கும் சிசுவையும் காப்பது கர்ப்பிணித் தடுப்பூசி. வசதி குறைந்த நாடுகளில் இவற்றுள் நெடுநாள் புழக்கத்தில் உள்ளது ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் ஊசி. தமிழ்நாட்டில் இதை டி.டி. ஊசி என்பார்கள். இப்போது தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் அதில் சேர்ந்துவிட்டது. தமிழில் பெயர் மாறவில்லை.

பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பிறகு தாடை இறுகி முலைக்காம்பைக் கவ்வ முடியாமல் தவிக்கும். இதுவே சிசு ரணஜன்னியின் தொடக்கம். தொப்புள்கொடியை அழுக்குப் பிளேடால் அறுப்பதும், அறுத்த இடத்தில் சாணம் அப்புவதும் கிருமிக்கு வழிவிடும். 1988இல் சுமார் 7,87,000 சிசுக்கள் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2018க்கான மதிப்பு 25,000.

ஊசி போடாமல் போவதற்கு மறுப்பைவிடத் தாமதமே பெரும்பாலும் காரணம். முன்பு போட்டிராத பெண்ணுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. இரண்டாவது, பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது முடிந்திருக்க வேண்டும். முழுகாமல் இருப்பதை ஐந்தாறு மாதம்வரை வெளியே சொல்லாத ஊர்களில் இந்தக் கணக்கு இடிக்கிறது. போக்குவரத்துச் செலவு, போய்விடும் ஒருநாள் கூலி, கணவர் அல்லது மாமியாரின் சம்மதம் என்பவையும் குறுக்கே நிற்கும். மருந்துக் குப்பி பத்துப் பேருக்கானது. ஒருத்திக்காக அதை உடைக்கத் தயங்கும் செவிலியர், அடுத்த வாரம் வரச் சொல்வதுண்டு. பல மைல் நடந்து வந்து திரும்பியவள், பதிவேட்டில் ‘வராதவர்’ ஆகிவிடுகிறாள்.

வதந்தியின் வலிமையைக் கென்யா காட்டியது. அங்கே 2013-14இல் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு மட்டும், பல சுற்றுகளாக டெட்டனஸ் ஊசி போடப்பட்டது. பெண்களை மலடாக்கும் நோக்கில் அதில் கர்ப்பகால ஹார்மோனான ஹெச்.சி.ஜி. கலந்திருப்பதாகக் கத்தோலிக்க ஆயர்கள் 2014இல் குற்றம்சாட்டினர். அரசும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மறுத்தன. மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் 1990களிலேயே இதே பேச்சு எழுந்திருந்தது. அதற்கு ஒரு நிஜ விதை உண்டு: அந்த ஹார்மோனை, டெட்டனஸ் ஊசியின் மூலப்பொருளான டாக்சாய்டுடன் பிணைத்துக் கருத்தடை ஊசி செய்யும் ஆய்வை நோயெதிர்ப்பியல் அறிஞர் ஜி. பி. தல்வார் டெல்லியில் நடத்தினார். அது வேறு மருந்து. கர்ப்பிணிகளுக்கான ஊசியோடு தொடர்பற்றது. ஆனால், ஆணுக்கும் வரும் நோய்க்குப் பெண்ணுக்கு மட்டும் ஏன் ஊசி என்ற கேள்வி நியாயமானது. சிசுவைக் காக்கவே என்ற பதில், ஊசிப்பெட்டி கிராமத்துக்குள் நுழையும் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.