தெளிந்த நீரும் நல்ல நீரும்: மீன்தொட்டி வடிகட்டியின் கதை

சென்னை மெரினாக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1905இல் முன்வைத்த எண்ணம் அது. தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதிய அதே தர்ஸ்டன்தான். மனிதர்களை அளந்தவர் மீன்களையும் காட்சிக்கு வைத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. பின்னாளில் மீன்வளத் துறையிடம் சென்ற அக்காட்சியகம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

கடல் கையெட்டும் தூரத்தில் இருந்தது அதற்கு ஒரு வசதி. கடலிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் உள்ளே, பத்துக்குப் பத்து அறையொன்றில் மீன் வளர்க்க நினைப்பவருக்கு அவ்வசதி இல்லை. இருக்கும் நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டும். வடிகட்டியின் வரலாறு இந்த நெருக்கடியிலிருந்தே தொடங்குகிறது.

காணையில் புதுவீடு கட்டிய நண்பர் ஒருவர் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி வாங்கினார். ஏறத்தாழ 255 லிட்டர். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. இரண்டாவது வாரத்தில் தங்கமீன்கள் ஒவ்வொன்றாய் மேலே வந்து வாய் திறந்து செத்தன. "தண்ணி இவ்வளவு சுத்தமா இருக்கே சார், எந்த ஃபில்டர் போட்டா தொல்லை இல்லாம இருக்கும்?" என்று கேட்டார். தெளிவும் தூய்மையும் ஒன்று என்று எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. அது புதிய சிக்கலும் அன்று.

கலங்கிய நீரைத் தெளியவைக்கும் கலை நமக்குப் பழையது. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் சேறு அடியில் படியும். அம்மரத்துக்கு 'இல்லம்' என்றும் பெயர்; கலித்தொகை இச்செய்தியை உவமையாகவே ஆள்கிறது. ஆனால் அந்த வித்தை சேற்றை மட்டுமே இறக்கும். மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வெளிவரும் அம்மோனியா நீரில் கரைந்திருப்பது, கண்ணுக்குத் தெரியாதது, எந்தத் துணியிலும் வடியாதது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அதன் நச்சும் கூடும் என்பதால், நம் சித்திரை வெயிலில் அது இருமடங்கு கவலைக்குரியது.

ஐரோப்பாவிலும் முதலில் இதை அறிந்தாரில்லை. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலர் இரண்டு தங்கமீன்களையும், நீர்ச்செடியையும், நத்தைகளையும் ஒரு தொட்டியில் சேர்த்து வாழவைத்தார். செடி உயிர்வளி தரும், நத்தை அழுகலைத் தின்னும் என்பது அவர் கணக்கு. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென முதல் பொதுக் காட்சியகம் எழுந்தது. எனினும் பெரிய தொட்டிகளுக்குச் செடியின் தயவு போதவில்லை. அதைத் தீர்த்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். ஹாம்பர்க், லண்டன் கிரிஸ்டல் பேலஸ், நேப்பிள்ஸ் ஆகிய காட்சியகங்களில் அவர் கை உண்டு. காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய தேக்கமொன்றை இருட்டில் வைத்து, நீரை ஓயாமல் சுழலவிட்டார். அவருடைய ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. ஏன் வேலை செய்தது என்பதற்கான முழு விடை அக்காலத்தில் எவரிடமும் இல்லை.

அந்த விடை சாக்கடையிலிருந்து வந்தது என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. 1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் கழிவுநீரை மணற்குழாய் வழியே மெல்ல ஒழுகவிட்டனர். இருபது நாட்கள் அம்மோனியா அப்படியே வந்தது. பிறகு திடீரென அது நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. மயங்கக்கூடிய ஏதோ ஓர் உயிர் மணலில் குடியிருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தனர். 1890இல் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் என்ற பாடம் நூறாண்டுகள் நிலைத்தது. மீன்தொட்டிகளில் இரண்டாம் வேலையைச் செய்வது நாம் நினைத்த நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரிந்தது. 2015இல் இரு வேலைகளையும் தனியொரு நைட்ரோஸ்பைராவே செய்துமுடிப்பதைக் கண்டனர். அக்கண்டுபிடிப்புகளுள் ஒன்று மீன்வளர்ப்பு நீரின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தது.

ஆக, நண்பரின் மீன்கள் ஏன் இரண்டாவது வாரத்தில் இறந்தன என்பதற்கான விடையை அந்த இருபது நாட்களில் தேடலாம். குடியேற்றம் முடியுமுன்னே விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

இனி ஃபில்டருக்கு வருவோம். 1960களில் ஜெர்மனியின் ஐஹைம் நிறுவனம் பரப்பிய கேனிஸ்டர் வகை, மூடிய உருளைக்குள் பம்ப் வைத்து நீரை அழுத்தித் தள்ளுவது. சத்தம் இல்லை, அழகு உண்டு. அடியிலுள்ள அலமாரிக்குள் ஒளிந்திருப்பதால் மறந்துபோகும் என்பது என் குறை. மின்சாரம் போனால் மூடிய உருளைக்குள் உயிர்வளி தீர்ந்து அந்த நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். 2012இன் மின்வெட்டையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலுக்குப்பின் விழுப்புரம் மாவட்டம் இருளில் கிடந்ததையும் அறிந்தவர்க்கு இது சிறிய செய்தியன்று.

சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வியாபாரம் செய்வோர் பெரும்பாலும் ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டருமே வைத்திருக்கிறார்கள். ஒரு பஞ்சு, ஒரு குழாய், குமிழிகள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருந்தால் மின்வெட்டையும் கடக்கலாம். பெரிய தொட்டிக்கு ஒன்றுக்கு இரண்டாக வைப்பது நல்லது, மாறிமாறிக் கழுவலாம்.

இடமிருந்தால் நான் பரிந்துரைப்பது சம்ப். நம் வீடுகளில் தரைக்கடியில் நீர் தேக்கும் அதே பெயர்தான். தொட்டிக்குக் கீழே இன்னொரு திறந்த தொட்டி. மேலிருந்து வழியும் நீர் பஞ்சு, கல், பீங்கான் வளையங்கள் வழியே போய்ப் பம்பினால் மேலேறும். இது லாய்டின் இருட்டுத் தேக்கமேதான், அளவில் சிறியது. திறந்து கிடப்பதால் அழுக்கு கண்ணில் படும்; கையை விட்டுப் பஞ்சை எடுத்து அலசிவிடலாம், எந்தத் திருகையும் கழற்ற வேண்டியதில்லை.

அலசுவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். நகராட்சிக் குழாயில் வரும் குளோரின் கலந்த நீர், ஷ்லோசிங்கின் குளோரோஃபார்ம் செய்ததைவிட மோசமாகச் செய்யும். தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து அதில் பஞ்சைப் பிழிய வேண்டும். எந்த ஃபில்டராயினும் நைட்ரேட் தொட்டியில் தங்கிவிடும் என்பதால் வாரந்தோறும் கால்பங்கு நீரையாவது மாற்றியாக வேண்டும். நண்பர் அந்த நீரை இப்போது வாழைக்கு ஊற்றுகிறார்.