இந்திரா சௌந்தர்ராஜன் கதைகளின் திரை வடிவங்கள்

அமானுஷ்ய, மர்மக் கதைகளால் அறியப்பட்ட இந்திரா சௌந்தர்ராஜனின் (1958–2024) எழுத்து சின்னத்திரைக்கும் பெரிய திரைக்கும் சென்ற வரலாறு. சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த இவர், தாயின் பெயரையும் சேர்த்துப் புனைபெயர் கொண்டவர்.

இவர் கதைகளின் திரை வடிவங்களுள் தலையாயது, 1990களில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த ‘மர்மதேசம்’ தொடர் வரிசை. முதற்கதை ‘ரகசியம்’ நவபாஷாண லிங்கத்தைச் சுற்றியது. அடுத்து வந்த ‘விடாது கருப்பு’, ‘விட்டுவிடு கருப்பா’ நாவலின் தழுவல். தவறு செய்பவர்களைக் காவல் தெய்வமே குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. கதையோ அதற்கு மனநோய் சார்ந்த விளக்கம் ஒன்றையும் முன்வைக்கிறது. பக்தியா, மருத்துவமா என்ற இந்த இழுபறிதான் இவர் கதைகளின் உயிர்நாடி. இரு தொடர்களையும் இயக்கியவர் நாகா. இருட்டு, குளம்படி ஓசை, எல்லைச்சாமி ஆகியவற்றைக் கொண்டே அவர் அச்சமூட்டினார். நடிகர்கள் சேத்தன், தேவதர்ஷினி ஆகியோருக்கு ‘விடாது கருப்பு’ பெயர் வாங்கித் தந்தது. ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ ஆகியவை பின்னர் வந்தவை.

திரைப்படத்தில் அந்த வீச்சு இல்லை. நாகா இயக்கிய ‘ஆனந்தபுரத்து வீடு’ (2010) படத்தின் எழுத்தில் இவருக்குப் பங்குண்டு. நந்தா, சாயாசிங் நடித்தனர், ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் தயாரித்தது. அதில் வரும் ஆவிகள் குடும்பத்தைக் காப்பவை. வாரக்கணக்கில் முடிச்சை அவிழ்க்கும் இவரது பாணிக்குத் தொலைக்காட்சியே பொருந்தியது.